வெள்ளையாகத் தெரிவது கட்டியா, கசிவா? மூளைக் கட்டிக்கு எந்த பெர்ஃபியூஷன் ஸ்கேன்

மூளைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்து, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, டெமோசோலோமைட் என்ற கீமோ மாத்திரையும் சாப்பிட்டு வருகிறவருக்குச் சில மாதம் கழித்து கான்ட்ராஸ்ட் போட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். கட்டியை வெட்டியெடுத்த குழியின் ஓரத்தில் புதிதாக ஒரு வெள்ளைத் திட்டு. ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரி: கட்டி திரும்பியிருக்கலாம், கதிர்வீச்சின் விளைவாகவும் இருக்கலாம், பெர்ஃபியூஷன் பார்க்கவும். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கடலூர், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்கு வருகிற குடும்பங்களை, ஸ்கேன் அறையில் வேலை செய்கிற நான் அடிக்கடி பார்க்கிறேன். பெர்ஃபியூஷன் என்றால் திசுவுக்குள் ரத்தம் எவ்வளவு, எப்படி ஓடுகிறது என்று அளக்கிற ஸ்கேன். அதில் எந்த வகை என்று சீட்டில் பெரும்பாலும் எழுதியிருக்காது. ஒரு சென்டரில் ஒன்று செய்வார்கள், இன்னொன்றில் வேறொன்று. விலையும் வேறு, அதிலிருந்து கிடைக்கிற பதிலும் வேறு.

வழிகள் மூன்று: டி.எஸ்.சி., டி.சி.இ., ஏ.எஸ்.எல். (ஒவ்வொன்றும் என்ன என்று கீழே சொல்கிறேன்). எதுவும் செய்யாமல் சில வாரம் பொறுத்து, அதே சாதாரண கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ.யைத் திரும்ப எடுப்பது நான்காவது வழி. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகிச்சை முடிந்த மூளைக் கட்டியில் 'திரும்பி வந்துவிட்டதா' என்பதுதான் கேள்வி என்றால் டி.எஸ்.சி. முதலில். கட்டி எலும்பையோ காற்றறையையோ ஒட்டியிருந்தால், ரத்தக்கசிவு இருந்தால் டி.சி.இ. குழந்தை, கிட்னி கெட்டவர், ஊசி ஏறாத கை என்றால் ஏ.எஸ்.எல். காரணங்களைத் தெரிந்துகொண்டு உங்கள் டாக்டரிடம் பேசினால் பேச்சு சுலபமாக இருக்கும். முடிவு அவருடையது.

முதலில் அந்த வெள்ளை என்ன என்று பார்த்துவிடலாம். கான்ட்ராஸ்ட் என்று நாம் போடுவது கேடோலினியம் என்ற உலோகத்தை ஒரு வேதிக் கூட்டுக்குள் பூட்டி வைத்த மருந்து. கேடோலினியம் அயனியில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் 7 இருக்கின்றன. அதனால் அதற்கு வலுவான காந்தக் குணம். பக்கத்தில் இருக்கிற நீர் மூலக்கூறுகளின் டி1 நேரத்தை (மெஷின் குலைத்த நிலையிலிருந்து பழையபடி திரும்ப எடுக்கும் நேரம்) அது குறைக்கிறது, டி1 படத்தில் அந்த இடம் வெள்ளையாகிறது. நல்ல மூளையில் ரத்தக்குழாய்ச் சுவர் இறுக்கமானது. மருந்து குழாய்க்குள்ளேயே ஓடிவிட்டுப் போகும். சுவர் பழுதான இடத்தில் மட்டும் வெளியே கசிந்து தேங்கும். ஆக, படத்தில் நாம் பார்க்கிற வெள்ளை, கசிவு நடந்த இடம். கட்டியின் புதுக் குழாய்களும் கசியும். கதிர்வீச்சில் பழுதான குழாய்களும் கசியும். வெள்ளையை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

இதற்கு நல்ல உதாரணம் மூளை லிம்போமா என்ற ஒரு வகைப் புற்றுநோய். கான்ட்ராஸ்ட் போட்டால் பளிச்சென்று வெள்ளையாகும், ஆனால் பெர்ஃபியூஷனில் ரத்த அளவு அவ்வளவாக ஏறியிருக்காது. வேகமாக வளரும் மூளைக் கட்டியான கிளையோபிளாஸ்டோமாவில் கசிவும் அதிகம், குழாய்களும் அதிகம். வெறும் கான்ட்ராஸ்ட் படத்தில் இரண்டும் ஒரே மாதிரி பயமுறுத்தும்.

குழாய்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், கட்டி வளரக் குழாய் வேண்டும். 1971-இல் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் சொன்ன கருத்து இது: புதுக் குழாய்களை வரவழைக்காமல் ஒரு கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது. கதிர்வீச்சில் செத்துப்போன திசுவுக்கு அந்தத் தேவை இல்லை. அதனால் திரும்பி வருகிற கட்டியில் குழாய் கூடுகிறது, செத்த திசுவில் குறைகிறது. பெர்ஃபியூஷன் ஸ்கேன் முழுவதும் நிற்பது இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான்.

ஆனால் மூன்று முறைகளும் அளப்பது ஒரே விஷயத்தை இல்லை. வீராணம் ஏரிப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால்களில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது ஒரு கேள்வி, கரையில் எவ்வளவு ஊறி வெளியே போகிறது என்பது இன்னொரு கேள்வி, நிமிடத்துக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பது மூன்றாவது. டி.எஸ்.சி. முதல் கேள்விக்கு, டி.சி.இ. இரண்டாவதுக்கு, ஏ.எஸ்.எல். மூன்றாவதுக்கு.

டி.எஸ்.சி.யில் மருந்தை வேகமாக ஏற்றி, அது மூளைக்குள் முதல் தடவை ஓடிப் போவதைப் படம் பிடிக்கிறோம். 60 கிலோ எடையுள்ளவருக்கு கேடோடெரேட் போன்ற மருந்து 12 மி.லி. அதை பிரஷர் இன்ஜெக்டர் வினாடிக்கு 4 மி.லி. வீதம் தள்ளுகிறது. மூன்றே வினாடியில் மருந்து உள்ளே போய்விடும், பின்னாலேயே அதே வேகத்தில் சலைன். மெஷின் ஏறக்குறைய ஒன்றரை வினாடிக்கு ஒரு தடவை முழு மூளையையும் எடுத்துக்கொண்டே இருக்கும். மருந்து வந்ததும் சிக்னல் சட்டென்று கீழே விழும், ஓடி முடித்ததும் மேலே ஏறும். அந்தப் பள்ளத்தின் பரப்பிலிருந்து ரத்தக் கொள்ளளவைக் கணக்கிடுகிறார்கள். எதிர்ப்பக்கத்து நல்ல வெண்திசுவோடு (மூளையின் நரம்பிழைகள் ஓடும் பகுதி) ஒப்பிட்டு எத்தனை மடங்கு என்று சொல்வதுதான் ஆர்.சி.பி.வி. இரண்டு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

சிக்கல் ஊசியில் ஆரம்பிக்கிறது. இந்த வேகத்துக்கு முழங்கை மடிப்பில் ரோஸ் நிற வென்ஃப்ளானாவது (நரம்பில் ஏற்றி வைக்கும் குழாய் ஊசி) வேண்டும், பச்சை என்றால் இன்னும் நல்லது. கீமோ போட்டுப் போட்டுக் கை நரம்பெல்லாம் கெட்டிப்பட்டவரிடம் இதைத் தேடுவது பாடு. பண்ருட்டியிலிருந்து அம்மாவை அழைத்து வந்த ஒரு தம்பி, "சார், நீலத்துலயே போட்டுடுங்களேன், அம்மாவுக்கு நரம்பே கிடைக்காது" என்று கெஞ்சினார். நீலம் இன்னும் மெல்லிய ஊசி. அதில் கையால் மெதுவாகத் தள்ளலாம்தான். வினாடிக்கு 1 மி.லி. என்று போனால் அதே 12 மி.லி.க்கு 12 வினாடி ஆகிவிடும். மருந்து கும்பலாகப் போகாமல் இழுபட்டுப் போகும், பள்ளம் ஆழமில்லாமல் அகலமாகக் கிடக்கும், வருகிற எண்ணை நம்ப முடியாது. அவரிடம் சொன்னேன்: "அம்மா முதல்ல ரெண்டு டம்ளர் தண்ணி குடிக்கட்டும், கையில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்போம், அப்புறம் பார்க்கலாம்." கத்திரி வெயிலில் பஸ்ஸில், வெறும் வயிற்றோடு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தார்கள். கேடோலினியத்துக்காகப் பட்டினி கிடக்கத் தேவையில்லை. மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் மட்டும் வேறு கணக்கு. ஸ்கேன் சென்டரில் சாப்பாட்டைப் பற்றி என்ன சொன்னாலும், தண்ணீர் குடிக்கலாமா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டி.எஸ்.சி.யின் இரண்டாவது சிக்கல் கொஞ்சம் நுட்பமானது, ஆனால் விளைவு பெரியது. மருந்து குழாய்க்குள்ளேயே இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். கட்டியில் அது கசிகிறது. கசிந்த மருந்து டி1 விளைவால் சிக்னலைத் தூக்கிவிடும். பள்ளம் நிரம்பிப்போகும், பரப்பு குறையும். நிறைய குழாய் உள்ள கட்டி குறைவாக உள்ளது போலக் காட்டும். அதாவது கட்டி திரும்பி வந்திருக்கிறது, கணக்கிட்டு வருகிற வண்ண மேப்போ 'செத்த திசு' என்கிறது. டி.எஸ்.சி.யில் நான் பயப்படுவது இந்த ஒரு தவறுக்குத்தான். இதைச் சமாளிக்க வழி இருக்கிறது. கொஞ்சம் மருந்தை ஐந்தாறு நிமிடம் முன்பே ஏற்றித் திசுவை நனைத்து வைப்பது ஒன்று. ஃப்ளிப் ஆங்கிளை (ரேடியோ அலை காந்தத்தைச் சாய்க்கும் கோணம்) 30 டிகிரி அளவுக்குக் குறைத்து ஒரே டோஸில் எடுப்பது இன்னொன்று. 2020-இல் வெளியான பொதுப் பரிந்துரை இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. அதற்கு மேல் கணக்கிடும் சாஃப்ட்வேரிலும் கசிவுத் திருத்தம் போட வேண்டும். இந்த மூன்றில் எதுவுமே செய்யாமல் வெறுமனே வண்ணப் படம் ஒன்றை அச்சடித்துக் கொடுத்தால் அந்த ஃபிலிமுக்கு மதிப்பு குறைவு. பார்க்க மட்டும் அழகாக இருக்கும்.

மூன்றாவது சிக்கலுக்குத் தீர்வே இல்லை. டி.எஸ்.சி. எடுக்கிற படம் காந்தப்புலத்தில் சிறு குலைவு வந்தாலும் கலைந்துபோகும். மூக்கை ஒட்டிய காற்றறைகளுக்கு மேலே, காதெலும்பை ஒட்டி, பழைய ரத்தம் தேங்கிய இடத்தில், மண்டையோட்டை மூடப் போட்ட டைட்டானியம் தகடுக்குக் கீழே படம் கறுத்தோ நெளிந்தோ போகும். கட்டி அங்கேதான் இருக்கிறது என்றால் டி.எஸ்.சி.க்குச் செலவு செய்வது வீண்.

அந்த இடத்தில் டி.சி.இ. கைகொடுக்கும். இது சாதாரண டி1 படத்தையே சில வினாடிகளுக்கு ஒரு தடவை, ஐந்திலிருந்து பத்து நிமிடம் வரை, திரும்பத் திரும்ப எடுப்பது. படம் நெளியாது, தெளிவும் அதிகம், ஊசியின் வேகமும் வினாடிக்கு 2 மி.லி. போதும். மருந்து குழாயிலிருந்து திசுவுக்குப் போகும் வேகத்தை கே-டிரான்ஸ் என்ற எண்ணாகத் தருவார்கள். குழாய்க்குள் இருக்கும் பிளாஸ்மாவின் பங்கையும் சேர்த்துக் கணக்கிடலாம். கதிர்வீச்சு விளைவா கட்டியா என்று பிரிக்க இந்த இரண்டாவது எண்ணும் உதவுகிறது.

கே-டிரான்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. இது கசிவை மட்டும் அளக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ரத்த ஓட்டமும் அதற்குள் கலந்திருக்கிறது. சுவர் ரொம்ப ஓட்டையாக இருந்தால் வருகிற மருந்தெல்லாம் வெளியே போய்விடும், அப்போது அந்த எண் காட்டுவது ஓட்டத்தை. சுவர் ஓரளவு இறுக்கமாக இருந்தால்தான் கசிவைக் காட்டும். இன்னொன்று, மருந்து போடுவதற்கு முன்பு டி1 மேப் எடுத்தார்களா, எந்த ரத்தக்குழாயிலிருந்து உள்வரும் அளவை எடுத்தார்கள், எந்தக் கணித மாதிரியைப் போட்டார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். இரண்டு சென்டரின் கே-டிரான்ஸ் எண்களைப் பக்கத்தில் வைத்துக் கூடியது குறைந்தது என்று பேசுவது அர்த்தமில்லாத வேலை. அதே மெஷினில் எடுத்தால்கூடச் சிறிய மாற்றத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நேரமும் கருவியும் இடம் கொடுத்தால் இரண்டையும் ஒரே உட்காரலில் செய்யலாம். பாதி டோஸில் டி.சி.இ. எடுத்துவிட்டு, அதையே டி.எஸ்.சி.க்கு முன்டோஸாக வைத்துக்கொண்டு மீதியை வேகமாகத் தள்ளுவது. மருந்துச் செலவு கூடாது. நோயாளி பத்து நிமிடம் அதிகமாக அசையாமல் படுக்க வேண்டும், அவ்வளவுதான். தலைவலியோடு படுத்திருப்பவருக்கு அந்தப் பத்து நிமிடம் நீளம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏ.எஸ்.எல். ஊசியே இல்லாத முறை. கழுத்தில் மேலேறுகிற ரத்தத்தின் நீர் மூலக்கூறுகளை ரேடியோ அலையால் காந்த அடையாளமிட்டு, இரண்டு வினாடி போலக் காத்திருந்து, மூளையில் எங்கே வந்து சேர்ந்தது என்று பார்க்கிறார்கள். கேட்க அற்புதம். ஆனால் வருகிற சிக்னல் மொத்தத்தில் நூற்றில் ஒன்று என்ற அளவுதான். அதனால் பலமுறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும், நாலைந்து நிமிடம் ஆகும், நடுவில் தலை அசைந்தால் படம் போச்சு. 3 டெஸ்லா மெஷினில் ரத்தத்தின் அடையாளம் கொஞ்சம் அதிக நேரம் நிற்பதால் நன்றாக வரும். 1.5 டெஸ்லாவில் சுமார்தான். கழுத்துக் குழாயில் அடைப்பு உள்ள வயதானவர்களுக்கு ரத்தம் தாமதமாக வந்து சேரும், அடையாளம் வழியிலேயே தேய்ந்துவிடும். கசிவைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது. கசிவால் கெடவும் கெடாது. குழந்தைகளுக்கு, டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு, அடிக்கடி ஸ்கேன் தேவைப்படுகிறவர்களுக்கு இதையே முதலில் கேட்பேன். செலவும் தனியாக மருந்துக்கென்று ஏறாது.

இனி நான்காவது வழி, பொறுத்திருப்பது. உடனே பணம் செலவழிக்காத வழி என்பதால் யாரும் இதை ஒரு வழியாகவே மதிப்பதில்லை. கரண்ட்டும் டெமோசோலோமைடும் சேர்ந்து கொடுத்த முதல் மூன்று மாதத்துக்குள், கட்டி வளராமலே வெள்ளைத் திட்டு பெரிதாவது உண்டு. பொய்யான வளர்ச்சி என்று சொல்வார்கள். மூளைக் கட்டி சிகிச்சைக்குப் பலன் இருக்கிறதா என்று மதிப்பிட 2010-இல் வந்த ரானோ வழிமுறையே, கதிர்வீச்சு முடிந்த முதல் 12 வாரத்துக்குள் வெள்ளை கூடினால், அது கதிர் பட்ட பகுதிக்கு வெளியே புதிதாக வந்திருந்தாலோ திசுப் பரிசோதனையில் உறுதியானாலோ ஒழிய, கட்டி வளர்ந்துவிட்டது என்று அறிவிக்கக் கூடாது என்றது. நோயாளி நன்றாகப் பேசுகிறார், நடக்கிறார், ஸ்டீராய்டு அளவு கூடவில்லை என்றால், டாக்டர் "நாலு வாரம் கழித்து வாங்க" என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. அலட்சியம் என்று சண்டைக்குப் போக வேண்டாம். அதே சமயம் வலிப்பு வந்து, ஒரு கை இழுத்துக்கொண்டு இருக்கிறவரிடம் காத்திருக்கச் சொல்வது வேறு விஷயம்.

பெட் சி.டி. எடுத்துவிடலாமா என்று கேட்பவர்கள் நிறைய. குளுக்கோஸ் வகை மருந்தில் எடுக்கிற சாதாரண பெட்டில் நல்ல மூளையே பளிச்சென்று ஒளிரும், அந்த வெளிச்சத்தில் சின்னக் கட்டி மறைந்துபோகும். அமினோ அமில வகை பெட் இதில் எவ்வளவோ மேல். அது கிடைக்கிற இடத்துக்குப் போய்வர முடிந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

பெவாசிசுமாப் என்ற கட்டி மருந்து ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஒப்பீடே மாறிவிடுகிறது. அந்த மருந்து புதுக் குழாய்களை வளர்க்கிற வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. சில நாளிலேயே குழாய்ச் சுவர் இறுகும், வெள்ளை மங்கும். குடும்பத்துக்குப் பெரிய சந்தோஷம். கட்டியோ கசியாமல் ஓரமாகப் பரவிக்கொண்டிருக்கலாம். இங்கே கான்ட்ராஸ்ட் படத்தைவிட ஃபிளேர் படத்தில் (வீக்கத்தையும் கசியாத கட்டியையும் காட்டும் எம்.ஆர்.ஐ. வரிசை) கண் வைக்க வேண்டும், பெர்ஃபியூஷன் துணைக்கு. ரிப்போர்ட் எழுதுகிறவருக்கு இந்த மருந்து ஓடுவது தெரிந்திருக்க வேண்டும். எத்தனை ஊசி முடிந்தது, கடைசி ஊசி எப்போது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மூளையை விட்டு வெளியே வந்தால் தேர்வு சுலபம். மார்பிலும் கல்லீரலிலும் காலத்தோடு எடுக்கிற கான்ட்ராஸ்ட் படம்தான் வழக்கம். மார்புக் கட்டியில் மருந்து வேகமாக ஏறி வேகமாக இறங்கினால் சந்தேகம் வலுக்கும். கல்லீரல் புற்றுநோய்க்கு, தமனிக் கட்டத்தில் பளிச்சிட்டு அப்புறம் சுற்றியுள்ள ஈரலைவிடக் கறுத்துப்போவது அடையாளம். புராஸ்டேட்டில் கான்ட்ராஸ்டின் பங்கு இப்போது சின்னது, ஊசியில்லாமலே எடுப்பவர்களும் உண்டு. மலக்குடல் புற்றுநோய் எந்தக் கட்டம் என்று பார்க்க வழக்கமாக கான்ட்ராஸ்ட் தேவையே இல்லை. கேட்டு ஊசியை மிச்சப்படுத்தலாம்.

கேடோலினியம் கிட்னியைக் கெடுக்குமா என்ற பயம் பரவலாக இருக்கிறது. பிரச்சினை வேறு மாதிரி. கிட்னி ஏற்கெனவே மோசமாக இருந்தால் மருந்து வெளியேறாமல் தங்கி, தோலும் உள்ளுறுப்பும் இறுகிப்போகும் ஒரு நோய் வரலாம் என்று 2006-இல் தெரியவந்தது. அதற்குக் காரணமானவை பெரும்பாலும் பழைய நேர்ச்சங்கிலி வகை மருந்துகள். கூண்டு மாதிரி வளையத்துக்குள் உலோகத்தைப் பூட்டிய வகைகளில், அதாவது கேடோடெரேட், கேடோபியூட்ரால், கேடோடெரிடால் போன்றவற்றில், அந்த ஆபத்து மிகமிகக் குறைவு. கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் இ-ஜி.எஃப்.ஆர். எண் 30-க்குக் கீழே என்றால் டாக்டர் யோசித்துத்தான் சொல்வார். மற்றவர்கள் மருந்தின் பெயரைக் கேட்டு ஃபைலில் எழுதி வைத்தால் போதும்.

போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே இவற்றைக் கேட்டுவிடுங்கள்: பெர்ஃபியூஷன் என்றால் எந்த வகை, இன்ஜெக்டர் இருக்கிறதா, கசிவுத் திருத்தம் போட்டு ஆர்.சி.பி.வி. எண்ணோடு ரிப்போர்ட் தருவீர்களா, எடுத்த எல்லாப் பட வரிசைகளும் பதிந்த சி.டி. (டிஸ்க்) கிடைக்குமா. கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ஃபிலிமில் அச்சான வண்ண மேப்பை வைத்து யாரும் மறுபடி கணக்குப் போட முடியாது. மூலப் படங்கள் சி.டி.யில் இருந்தால் கோரிமேட்டில் ஜிப்மருக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் அங்கிருப்பவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்த்துக்கொள்வார்கள், இன்னொரு ஊசி மிச்சம். அடுத்த ஸ்கேனுக்கு முடிந்தவரை இதே மெஷினுக்கே வாருங்கள். வரும்போது பழைய சி.டி., ஆபரேஷன் குறிப்பு, கரண்ட் முடிந்த தேதி, கிரியேட்டினின் ரிப்போர்ட் நான்கும் கையில் இருக்கட்டும். தலையில் தகடோ கிளிப்போ வைத்திருந்தால் அதன் காகிதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வந்தபின் திரும்பிப் போக வேண்டியிருக்கும்.